கிராவல் ரோடும் கொண்டை ஊசி வளைவும்

– இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன்



'கிராவல் பைக்' என்ற பெயரை இப்போது அடிக்கடி கேட்கிறோம். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில் பார், ரேஸ் சைக்கிளைவிடத் தடித்த டயர், டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய பல்சக்கரம். விலையைக் கேட்டால் நம் மூன்று வருடப் பீஸையும் மெஸ் பில்லையும் கூட்டினாலும் சிலவற்றுக்குப் பத்தாது! தார் ரோட்டை விட்டு இறங்கி, மண் ரோட்டிலும் ஜல்லி ரோட்டிலும் நாள் முழுக்க ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள் அது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் 2006-ல் 200 மைல் மண்ரோட்டுப் பந்தயம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அது பெருகிப் பெருகி, 2022-ல் இத்தாலியில் கிராவல் சைக்கிளுக்கென்றே முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஆண்கள் பிரிவில் பெல்ஜியத்துக்காரர் ஜியான்னி வெர்மீர்ஷ் ஜெயித்தார்.

கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு இதைக் கேட்டால் லேசாகச் சிரிப்பு வரும். நம்மூர் இட்டேரி என்பது வேறு என்னவாம்? இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம், தடத்துக்கு நடுவே புல் மேடு. தோட்டத்துக்கும் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நம் அப்பாக்கள் அதில்தான் சைக்கிள் ஓட்டினார்கள். 'கிராவல்' என்ற சொல்லும் நமக்குப் புதிதில்லை. டிப்பர் லாரியில் வந்து இறங்கும் செம்மண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே 'கிராவல் மண்'தானே! நம்மிடம் இல்லாதது ரோடு அல்ல. அந்த ரோட்டில் மலை ஏறத் தேவையான கியரும், இறங்கத் தேவையான பிரேக்கும்தான் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மலைகளைப் பார்ப்போம். கோவையில் உட்கார்ந்துகொண்டு மலை இல்லை என்று சொல்ல முடியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. ஏற்காட்டுக்கு 20. நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்கோ 70! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 வளைவு. அதே மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாகவும் நீலகிரி ஏறலாம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை வெட்டினார் என்பது வரலாறு. அந்தப் பாதை குதிரைக்கும் மாட்டுக்கும் சுமைக்கூலிக்கும் போட்டது. சைக்கிளை அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

இவை பெரும்பாலும் இன்றைக்குத் தார் ரோடு. 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணம்கூடத் தார் ரோட்டுச் சமாச்சாரம்தான். அதில் போய் வந்தவர்கள் எல்லாரும் பெருமூச்சோடு சொல்லும் பெயர் கல்லட்டி. ஆனால் மெயின் ரோட்டை விட்டுக் கிளை பிரிந்தால், மலைக்கிராமங்களுக்குப் போகும் கிராவலும் பெயர்ந்த ஜல்லியும் ஆரம்பமாகிவிடும்.

மலைச்சரிவை எப்படி அளப்பது என்று கேட்டால் நான் நம்ம ஊட்டி ரயிலைக் காட்டுவேன். மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர். ஊட்டி ஸ்டேஷன் 2,203 மீட்டர். நடுவில் 46 கி.மீ. தண்டவாளம். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்துவிட்ட ரயில் அது; 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் சரிவு 1-க்கு 12 வரை போகிறது. அதாவது 12 மீட்டர் முன்னால் போனால் 1 மீட்டர் மேலே. சதவீதத்தில் 8.33. இந்தச் சரிவில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால்தான் நடுவில் பல்தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. ரப்பர் டயருக்கு உராய்வு அதிகம். எனவே பல் தேவையில்லை. ஆனால் நாம் ஏறப்போவது ரயிலே பல் வைத்து ஏறிய சரிவு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவில் நண்பர்கள் ஹைவே பாடத்தில் மலைப்பகுதி ரூலிங் கிரேடியன்ட் 1-க்கு 20 என்று படித்திருப்பீர்கள், அதாவது 5 சதவீதம். விதிவிலக்காக 7 வரை போகலாம். அது புதிதாகப் போடும் ரோட்டுக்கு. நம் மலைகளின் பழைய ரோடுகள் அந்தப் புத்தகத்துக்கு முன்னாலேயே பிறந்தவை. கிராமத்துக் கிராவல் ரோட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது தண்ணீர் ஓடிய வழியிலேயே போகும்.

இப்போது நம் மெக்கானிக்கல் கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், ஃபர்ஸ்ட் இயர் அப்ளைடு மெக்கானிக்ஸ் போதும்.

என் எடை 60 கிலோ. அப்பாவின் பழைய 22 இஞ்ச் சைக்கிள், தண்ணீர் பாட்டில், பம்ப் எல்லாம் சேர்த்து 20 கிலோ. மொத்தம் 80. சரிவு 8 சதவீதம் என்றால், புவியீர்ப்பு நம்மைப் பின்னால் இழுக்கும் விசை சுமார் 63 நியூட்டன். கிராவலில் டயர் உருளுவதற்கு ஆகும் தடை இன்னொரு 12 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம் (நல்ல தார் ரோட்டில் இது 5-க்குப் பக்கம்தான்). ஆக 75 நியூட்டன். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏறினால் தேவைப்படும் திறன் 125 வாட், ஒரு குதிரைத்திறனில் ஆறில் ஒரு பங்கு. இளவயசு ஆள் பயிற்சியோடு ஒன்றிரண்டு மணி நேரம் தரக்கூடிய திறன்தான் இது. அப்படியானால் ஏன் எல்லாரும் இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ளுகிறார்கள்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அப்பா சைக்கிளில் நான் எண்ணிப் பார்த்ததில் முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்றுச் சுற்றும். சைக்கிள் சுமார் 5.46 மீட்டர் முன்னால் போகும். ஒரு சுற்றுக்குச் செய்யும் வேலை 75-ஐ 5.46-ஆல் பெருக்கினால் 410 ஜூல். கிராங்க் நீளம் 17 செ.மீ. என்றால் பெடல் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 1.07 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: பெடலில் சராசரியாக 383 நியூட்டன், நம் பாஷையில் 39 கிலோ. இது சராசரி. பெடல் மேலேயும் கீழேயும் இருக்கும் இடத்தில் நம் அழுத்தம் வீண் என்பதால், பெடல் படுக்கை மட்டத்துக்கு வரும்போது ஒன்றரை மடங்கு அழுத்த வேண்டும். அதாவது ஏறக்குறைய 60 கிலோ. என் மொத்த எடையும் அதுதான்! ஒவ்வொரு மிதிக்கும் என் முழு எடையையும் ஒரே காலில் தூக்கி வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 18 சுற்று. இது சைக்கிள் ஓட்டுவது அல்ல, மூட்டை தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது.

இதே சரிவு, இதே வேகம், இதே 125 வாட். கிராவல் பைக்கில் முன்னால் 40, பின்னால் 40 போட்டால் என்ன ஆகும்? ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான் நகரும். பெடலில் சராசரி அழுத்தம் 16 கிலோ, உச்சத்தில் 25-க்குள். நிமிடத்துக்கு 45 சுற்று. அந்த சைக்கிள் எடை குறைவு என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. திறன் ஒன்றுதான், டார்க்கும் ஆர்.பி.எம்மும்தான் இடம் மாறின. லேத்தில் கியர் லீவரை மாற்றும்போது நடப்பது என்னவோ அதேதான் இங்கும்.

தார் ரோட்டில் பெரிய கியரை எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கலாம். கிராவலில் அதுவும் முடியாது. எழுந்து நின்றால் உடம்பு எடை முன்னால் போய்விடும். பின்டயரில் பாரம் குறையும். உருண்டைக் கற்கள் மேல் டயர் 'சர்ர்' என்று வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே சீட்டில் உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். உட்கார்ந்து 60 கிலோ அழுத்த முடியாது. எனவே சின்ன கியர் வேண்டும். கிராவல் பைக்கில் அவ்வளவு பெரிய பின்பல்சக்கரம் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். ஃபேஷன் ஒன்றும் இல்லை.

இறங்கித் தள்ளுவதில் கேவலம் இருப்பதாக யாராவது நினைத்தால் அவர்களுக்கு 1910-ஆம் வருடத்துக் கதை ஒன்று. டூர் டி பிரான்ஸ் பந்தயம் அந்த வருடம்தான் முதன்முதலாகப் பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாயில் ஏறியது. அன்றைக்கு அங்கே தார் ரோடு ஏது? கல்லும் மண்ணும். சைக்கிளில் கியர் மாற்றும் வசதியும் கிடையாது. அந்தக் கணவாயை முதலில் கடந்தவரும், கடைசியில் பந்தயத்தையே ஜெயித்தவருமான ஆக்டாவ் லாபிஸ், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் மேலே போனார். இறங்காமல் ஏறியதற்காகப் பரிசு வாங்கியவர் குஸ்தாவ் காரிகூ என்ற இன்னொருவர். கியர் மாற்றும் டிரெய்லர் எந்திரத்தை, அதாவது டிரேலரை, அந்தப் பந்தயத்தில் அனுமதித்ததே 1937-ல்தான். நம் அப்பா சைக்கிள் இன்னும் 1910-லேயே நிற்கிறது, அவ்வளவே.

லட்ச ரூபாய் சைக்கிளுக்கு வழியில்லாதவன் என்ன செய்வது? நாங்கள் செய்தது 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போட்டது. சைக்கிள் கடையில் கேட்டால் வாங்கித் தருவார்கள், மரை ஒன்றுதான், செயினில் இரண்டு மூன்று கண்ணி மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும். சராசரி அழுத்தம் 39 கிலோவிலிருந்து 32-க்கு இறங்கியது. சமவெளியில் கொஞ்சம் வேகம் குறையும். கால் வேகமாகச் சுற்ற வேண்டும். பல கியர் ஃப்ரீவீல் போட ஆசைப்பட்டால், பின் ஃபோர்க்கின் இடைவெளி குறுகல் என்பதால் இடிக்கும். அதை நெம்பி விரிப்பது என் கருத்தில் நல்ல யோசனை அல்ல. வெல்டிங் ஷாப்பில் நாம் படித்ததே நம்மை எச்சரிக்க வேண்டும்.

டயர் விஷயத்தில் மட்டும் நம்மூர் சைக்கிள் யாருக்கும் தாழ்ந்தது இல்லை. 28க்கு ஒன்றரை என்று சொல்கிறோமே, அதன் அகலம் சுமார் 40 மி.மீ. உலக சாம்பியன்ஷிப்பில் ஓடும் கிராவல் டயரும் ஏறக்குறைய அதே அகலம்தான்! மண்ரோட்டுக்குப் பிறந்த சைக்கிள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் நாம் காற்றைக் கல் மாதிரி அடித்து வைக்கிறோம். அப்படி அடித்தால் ஒவ்வொரு ஜல்லிக்கும் சைக்கிளும் ஆளும் எகிறுவார்கள். எகிறும் ஒவ்வொரு தடவையும் மிதித்த சக்தி உடம்பில் அதிர்ச்சியாக வீணாகும். 60 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டயரில் 35, 40 பி.எஸ்.ஐ. போதும். டயர் கல்லின் மேல் அமுங்கி அதை விழுங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். நெருஞ்சி முள்ளுக்கும் வேலிகாத்தான் முள்ளுக்கும் எந்தக் கணக்கும் கிடையாது. ஒட்டுப் பசையும், வால்வுக்கு வால் டியூப் துண்டும் பையில் இருக்கட்டும். பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு போவதானால் மக்கார்டைக் கழற்றிவிட்டுப் போவது உத்தமம். பத்தடியில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும்.

கொண்டை ஊசி வளைவைப் பற்றி ஒரு சின்ன ஜியோமெட்ரி. வளைவின் உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே உயரத்தில் முடிகின்றன. உள் ஆரம் 7 மீட்டர் என்றால் அரை வட்டம் 22 மீட்டர். வெளி ஆரம் 14 மீட்டர் என்றால் 44 மீட்டர். ஏற வேண்டிய உயரம் இரண்டு மீட்டர் என்றால் உள்ளே 9 சதவீதச் சரிவு, வெளியே நாலரைதான். நாம் இடது பக்கம் போகிறவர்கள் என்பதால், இடது வளைவில் ஏறும்போது உள் ஓரத்தில் மாட்டிக்கொள்வோம்; வலது வளைவில் வெளி ஓரம் கிடைக்கும். எனவே வலது வளைவில் மூச்சை வாங்கி வைத்துக்கொண்டு இடது வளைவில் செலவழிக்க வேண்டும். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே பார்த்து மிதிக்கிறவன் கடைசி வரை போவான். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது சட்டம். ஆனால் வளைவில் பஸ் திரும்பினால் அதற்கு முழு ரோடும் வேண்டும். சட்டம் பேசாமல் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிடுங்கள்.

சாப்பாடு? 8 சதவீதச் சரிவில் 1,000 மீட்டர் உயரம் ஏற பன்னிரண்டரை கி.மீ. போக வேண்டும், நம் வேகத்தில் இரண்டு மணி நேரம். அதற்கு 900 கிலோ கலோரிக்கு மேல் எரியும். காலையில் ராகிக் களியோ கம்மங்கூழோ, வழியில் கடலை மிட்டாய். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர். இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் சரியா என்று பார்க்க நாங்கள் நான்கு பேர் கடம்பூர் மலைக்குப் போனோம். சத்தியமங்கலம், கெம்பநாயக்கன்பாளையம், பிறகு மலை. இரண்டு அப்பா சைக்கிள், ஒன்று பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள் (லேட்டரல் என்ட்ரி நண்பனுடையது), ஒன்று கடன் வாங்கிய கியர் சைக்கிள். நால்வரில் ஒருவன் அந்த மலைக்காரனே. ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டில். செக்போஸ்டில் கேட்டுக்கொண்டு, வெயில் நன்றாக ஏறிய பிறகே கிளம்பினோம். மல்லியம்மன் கோவில் பக்கம் மூச்சு வாங்க நின்றபோது, அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவர் "ஏனுங் தம்பி, பஸ்ஸு இருக்குதுங்களே, எதுக்கு இப்படி உசுரைக் குடுத்து ஏறுறீங்க?" என்றார். பதில் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லை.

கடம்பூருக்கு அப்பால் மாக்கம்பாளையம் போகும் வழிதான் உண்மையான கிராவல். குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்று இரண்டு காட்டாறுகள் அந்த வழியில் குறுக்கே ஓடுகின்றன. மழைக்காலத்தில் இரண்டிலும் வெள்ளம் வந்தபோதெல்லாம் பஸ் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் கரையிலேயே நின்றார்கள். பாலம் கேட்டுப் பல வருடம் மனுக் கொடுத்துப் போராடிய ஜனங்கள் அவர்கள். நான் ஒரு ஏற்றத்தை இறங்காமல் ஏறிவிட்ட சந்தோஷத்தில் "சூப்பர் அட்வெஞ்சர்டா!" என்று கத்தினேன். மலைக்கார நண்பன் திரும்பிப் பார்த்து, "எங்கூர்ல இதுக்குப் பேரு சந்தைக்குப் போறது" என்றான். அவன் அப்பா இதே வழியில் கேரியரில் ராகி மூட்டை கட்டிக்கொண்டு தள்ளிப் போவாராம். அவர் சைக்கிளிலும் 18 பல்தான். நான் மேலே போட்ட கணக்கில் 80 கிலோவுக்குப் பதில் 130 என்று போட்டுப் பாருங்கள். மிதிக்க முடியாது, தள்ளத்தான் முடியும். ஊருக்குத் திரும்பியதும் நாங்கள் வாங்கிய முதல் 22 பல் ஃப்ரீவீல் அவர் சைக்கிளுக்குத்தான் போனது. மூட்டை இல்லாமல் திரும்பும்போதாவது உட்கார்ந்து வரலாம் என்று.

பள்ளத்துத் தண்ணீரைக் கடந்ததும் அந்த நண்பன் ஒரு காரியம் செய்தான். இன்னும் இறக்கமே வரவில்லை, ஆனால் சமதளத்திலேயே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே ஐம்பது மீட்டர் மிதித்தான். "என்னடா?" என்றால் "ரிம்மு காயட்டும்" என்றான். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை, ஆனால் காரணம் தெளிவு. நம் சைக்கிளின் ரிம் குரோமியம் பூசிய இரும்பு. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை சோப்பு மாதிரி வழுக்கும். காய்ந்த ரிம்மில் கிடைக்கும் பிடிப்பில் சொற்பமே கிடைக்கும். தண்ணீரைக் கடந்து நேராக இறக்கத்தில் விட்டால், பிரேக் பிடிக்கவில்லை என்பது தெரியவரும்போது வளைவு முன்னால் இருக்கும்.

ஏற்றத்தில் தோற்றால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் தோற்றால் அந்த வசதி கிடையாது. ஆகவே இதையும் கணக்காகவே சொல்கிறேன். 8 சதவீத இறக்கத்தில் 30 கி.மீ. வேகத்தில் ஒரே சீராக இறங்கினால், காற்றும் உருளும் தடையும் தின்றது போக, பிரேக் தின்ன வேண்டிய திறன் சுமார் 300 வாட். நம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்த மாதிரி பன்னிரண்டு அயர்னை உங்கள் இரண்டு ரிம்மிலும் வைத்துச் சூடு காட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம்! ரிம் சுட்டால் ட்யூபின் ஒட்டு இளகும், காற்று விரியும். பிரேக் கட்டை கருகும் வாசனை வந்தால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எங்கள் கணக்கில் பிரேக்குக்கு அதிக வேலை வருவதே இந்த 30 கி.மீ. வேகத்துக்குப் பக்கத்தில்தான். அதைவிட வேகமாகப் போனால் காற்று பாதி வேலையைப் பார்த்துவிடும், ஆனால் கிராவலில் அந்த வேகம் தற்கொலை. எனவே 15-க்குக் கீழே இறங்குவதுதான் நமக்கு வழி. சூடு நிமிடத்துக்குக் குறைவாகச் சேரும், ஆறவும் நேரம் கிடைக்கும்.

பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காமல், நேர்ப் பகுதியில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் போகும்போது விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் கிராவலில் முன்பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கி ஆள் கீழே. நேராகப் போகும்போதோ முன்பிரேக்தான் அதிகம் நிறுத்தும், ஏனென்றால் நிற்கும்போது எடை முன்னால் பாய்கிறது. இரண்டையும் சேர்த்து, பின்னாலுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்துப் பழக வேண்டும். கிராவல் பைக்கின் டிஸ்க் பிரேக்குக்கு நான் மரியாதை கொடுப்பது இதற்காகத்தான். தகடு சேற்றிலிருந்து மேலே நிற்கிறது, நனைந்தாலும் சீக்கிரம் காய்கிறது, சூடு டயருக்குப் போவதில்லை. கையில் காசு இருந்து ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் நான் கியரை விட்டுவிட்டுப் பிரேக்கைத்தான் மாற்றுவேன்.

இன்னொரு விஷயம், யானை. திம்பம், கடம்பூர், ஆழியாறு, மசினகுடி, நம் ஆனைகட்டி எல்லாமே யானை நடக்கும் காடு. சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகமானது. திம்பம் ரோட்டில் வண்டியில் அடிபட்டு வனவிலங்குகள் சாவதைத் தடுக்க, 2022 பிப்ரவரியில் ஹைகோர்ட் உத்தரவின்படி இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. மோட்டார் வண்டியின் சத்தம் யானைக்குத் தூரத்திலேயே கேட்கும். சைக்கிள் சத்தமில்லாதது, இறக்கத்தில் வளைவு திரும்பினால் யானைக்கும் நமக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் காட்டு ரோட்டில் சைக்கிள் வேண்டாம். புதுச் சாணம், ஒடிந்த மூங்கில், ஆவி பறக்கும் பிண்டம் கண்டால் அந்த இடத்திலேயே நின்று அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து அதன் பின்னால் போகலாம். பஸ் டிரைவர்களுக்கு இது பழகிய விஷயம். திட்டிக்கொண்டே மெதுவாகப் போவார்கள். மெயின் ரோட்டை விட்டு வனத்துக்குள் பிரியும் தடத்தில் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். 'யாரும் பார்க்கலை' என்பது அங்கே செல்லாது, பார்ப்பது மனுஷன் மட்டும் இல்லையே.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் நேராகக் கல்லட்டிக்கோ கொல்லிமலைக்கோ போக வேண்டாம். முதலில் ஊர் இட்டேரியில் ஒரு மாதம். பிறகு மருதமலை ரோடு. சின்னது, ஆனால் சரிவைக் காலுக்குச் சொல்லிக்கொடுக்கும். அடுத்து தடாகம் வழியாக ஆனைகட்டி, பகலில் மட்டும். அதன் பிறகே வால்பாறை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் நின்று ஆழியாறு அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் குறைச்சல் இல்லை, மீதி 31 அடுத்த தடவைக்கு.

ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுவதாக இருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் ஒர்க் ஷாப் பின்னால் உள்ள சைக்கிள் ஸ்டாண்டில் சனிக்கிழமை மதியம் பார்க்கலாம். கோட்டம் எடுப்பது, கோன் டைட் பண்ணுவது, பால்ரஸ் மாற்றுவது எல்லாம் நாங்களே செய்து தருகிறோம். 22 பல் ஃப்ரீவீல் வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் மொத்தமாக வாங்கிவிடலாம். பிரேக் கட்டை மட்டும் நாலும் புதிதாக அவரவர் வாங்கி வர வேண்டும். பழைய கட்டையோடு வருகிறவரை மேட்டுப்பாளையத்திலேயே ரயில் ஏற்றிவிடுவோம்.